எண்டோஸ்கோபி மயக்கத்தில் ஆக்சிஜன் குறையாமல் தடுப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 62 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. எடை கொஞ்சம் அதிகம், இரவில் அடுத்த அறை வரை கேட்கும் குறட்டை. ரத்தசோகைக்குக் காரணம் தேட வயிற்றுக்கும் பெருங்குடலுக்கும் ஒரே நாளில் எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவருக்கு மயக்கத்தில் இருந்தபோது சாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனின் சதவீதம்) இறங்கிவிட்டது என்று பாதியிலேயே நிறுத்தினார்களாம். இது ஏன் வருகிறது, எப்படித் தடுக்கிறார்கள், போவதற்கு முன் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

நான் மயக்கவியல் மருத்துவர். என் வேலையில் பெரும்பகுதி எண்டோஸ்கோபி அறையில்தான் கழிகிறது. உங்கள் பயம் நியாயமானது. மயக்கம் கொடுத்துச் செய்யும் எண்டோஸ்கோபியில் வரும் சிக்கல்களில் ஆக்சிஜன் குறைவதுதான் அடிக்கடி வருவது. பெரும்பாலும் தாடையைத் தூக்கிப் பிடித்தாலே சில நொடிகளில் சரியாகிவிடும். நோயாளிக்கு அது நடந்ததே தெரியாது. கவனிக்க வேண்டியவர் வேறு வேலையில் இருக்கும்போதுதான் இந்தச் சின்ன விஷயம் பெரிதாகிறது. மூக்கில் கொடுக்கும் ஆக்சிஜன் நமக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஆபத்தைத் தடுப்பது மூச்சையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்தான்.

முதலில் ஏன் குறைகிறது என்று பார்க்கலாம். மயக்க மருந்து மூளையில் மூச்சு விடச் சொல்லும் பகுதியை மந்தமாக்குகிறது. மூச்சு ஆழம் குறைகிறது, இடைவெளி கூடுகிறது, சில நேரம் நின்றே போகிறது. இது ஒரு வழி. இன்னொரு வழி, தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிந்து காற்று வரும் பாதையை அடைப்பது. இந்த நிலையில் நோயாளி மூச்சுவிட முயன்றுகொண்டேதான் இருப்பார். வயிறு மேலே வரும்போது நெஞ்சு உள்ளே போகும், சீசா பலகை ஆடுவதுபோல ஒன்றுக்கொன்று எதிராக. ஆனால் காற்று உள்ளே போகாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு 'நெஞ்சு அசைகிறதே, நன்றாகத்தான் இருக்கிறார்' என்று தோன்றும். குறட்டை விடுபவர்களிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

இவை போக எண்டோஸ்கோபிக்கே உரிய காரணங்களும் உண்டு. வாய்வழியாகக் குழாய் போகும்போது, மூச்சுப்பாதையின் வாசலை எங்களோடு இன்னொருவரும் பகிர்ந்துகொள்கிறார். அறுவை அரங்கில் மயக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குழாயில் ஒரு டியூப் வைத்துப் பாதையைக் கையில் எடுத்துக்கொள்வோம். இங்கே பெரும்பாலும் அது கிடையாது. உமிழ்நீரோ வயிற்றுத் திரவமோ குரல்வளையில் பட்டால் அது இறுகி மூடிக்கொள்ளலாம். பெருங்குடலைப் பார்க்கும்போது உள்ளே செலுத்தும் காற்று வயிற்றை உப்ப வைத்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத் தசையை மேலே தள்ளும், நுரையீரலுக்கு இடம் குறையும். அதனால்தான் சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தும் வசதி உள்ள இடங்களில் வயிறு சீக்கிரம் தளர்கிறது. குடல் அந்த வாயுவை வேகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

அப்புறம் வெளிச்சம். எண்டோஸ்கோபி திரை தெளிவாகத் தெரிய அறை விளக்குகளைக் குறைத்துவிடுவார்கள். உதடு நீலம் பாய்வதை அந்த அரையிருட்டில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

இனி கொஞ்சம் கணக்கு. நாம் சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கும். அறைக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அதில் இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 350 மில்லி. உடம்பு நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லி செலவழிக்கிறது. ஆக மூச்சு நின்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் சாச்சுரேஷன் 90க்குக் கீழே போய்விடும். அதே ஆள் முகமூடியை இறுக்கமாக வைத்து மூன்று நிமிடம் 100 சதவீத ஆக்சிஜனை நன்றாக இழுத்திருந்தால் நுரையீரலில் இரண்டு லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் சேர்ந்திருக்கும். கலிபோர்னியாவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் ஜொனதன் பெனுமோஃப் 1997இல் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் எல்லோரும் படிக்கும் ஒன்று. இப்படி முழுதாக ஆக்சிஜன் நிரப்பிக்கொண்ட ஆரோக்கியமான 70 கிலோ ஆளுக்கு மூச்சு நின்றால் 90ஐத் தொட ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும், 127 கிலோ ஆளுக்கு அது 3 நிமிடம்கூடத் தாங்காது என்று அதில் வரைபடமே போட்டிருப்பார். கனமான வயிறு, படுத்த நிலை, சிறுத்துப்போன நுரையீரல் இடம், இவற்றோடு அதிக ஆக்சிஜன் செலவும் சேர்ந்துகொள்கிறது. அம்மாவின் எடையை நாங்கள் விடாமல் கேட்பது இதனால்தான்.

மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஆக்சிஜனைத் தொடங்கிவிட வேண்டும். இறங்கிய பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. மூக்கில் வைக்கும் மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் பங்கு 21 சதவீதத்திலிருந்து 35ஐ ஒட்டிப் போகும். பெரிய ஏற்றம் இல்லைதான். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

ஆனால் இந்த ஆக்சிஜனால் ஒரு சிக்கலும் உண்டு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் அருமையான கருவி. ஜப்பானில் தக்குவோ அவொயாகி 1970களின் தொடக்கத்தில் அதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ரத்தத்தின் நிறத்தை அளக்கும் உத்தி அது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது அளப்பது ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனை, மூச்சை அல்ல. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் நின்றுபோனாலும் குழாயில் தண்ணீர் அதே வேகத்தில்தான் வரும். தொட்டி காலியாகும்போதுதான் நமக்குத் தெரியவரும். மூக்கில் ஆக்சிஜன் கொடுத்து வைத்திருக்கும் நோயாளி மூச்சுவிடுவதை நிறுத்திய பிறகும் மானிட்டரில் 99, 99, 98 என்று ஓடிக்கொண்டே இருக்கும். நுரையீரலில் நடந்தது விரலுக்கு வந்து சேரவே அரை நிமிடம்வரை ஆகலாம். கை சில்லிட்டிருந்தாலோ பிரஷர் குறைந்திருந்தாலோ இன்னும் தாமதம். அதே கையில் பிரஷர் பட்டையும் கட்டியிருந்தால் அது இறுகும் ஒவ்வொரு முறையும் எண் காணாமல் போகும். ஆகவே விரலில் மாட்டும் ப்ரோப் ஒரு கையில், பட்டை இன்னொரு கையில்.

அந்த எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. 97இலிருந்து 93 வரை மெதுவாக நகரும். 90ஐத் தாண்டிவிட்டால் அதன் பிறகு சரிவு செங்குத்து. 93ஐப் பார்த்து 'இன்னும் 90க்கு மேல்தானே இருக்கிறது' என்று காத்திருப்பவர் அடுத்து பார்ப்பது 82ஆக இருக்கும்.

நம்மைப் போன்ற நிறத்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம். அமெரிக்காவின் மிஷிகன் பல்கலைக்கழகக் குழு 2020இல் வெளியிட்ட ஆய்வில், விரல் கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தவர்கள், வெள்ளையர்களைவிடக் கறுப்பின நோயாளிகளில் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். தோல் நிறம் ஒளியை உறிஞ்சுவதால் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டுகிறது. கருமையான தோல் உள்ளவர்களுக்கு நான் 94ஐ 94ஆக எடுத்துக்கொள்வதில்லை. கீழே இறங்கத் தொடங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

சரி, எண் தாமதமாக வருகிறது என்றால் மூச்சை நேரடியாக எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் கேப்னோகிராபி. மூக்குக் குழாயோடு சேர்ந்த இன்னொரு மெல்லிய குழாய், வெளிவிடும் மூச்சிலிருந்து கொஞ்சம் காற்றை உறிஞ்சி அதில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்து திரையில் ஒரு அலையாக வரையும். ஒரு மூச்சுக்கு ஒரு மேடு. மூச்சு நின்றாலோ பாதை அடைத்தாலோ அலை அந்த நொடியே தட்டையாகிவிடும். சாச்சுரேஷன் இறங்குவதற்கு அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடத்துக்கும் முன்பே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. வாய் திறந்திருப்பதால் எண்டோஸ்கோபியில் அந்த அளவின் எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, நாங்கள் பார்ப்பது அலை இருக்கிறதா, அதன் வடிவம் மாறுகிறதா என்பதைத்தான்.

இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். கிளீவ்லாந்தில் பித்தக்குழாய் எண்டோஸ்கோபியோ எண்டோஸ்கோபி வழி அல்ட்ராசவுண்டோ செய்துகொண்டவர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், கேப்னோகிராபியைப் பார்க்க விடாத குழுவில் 69 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது. பார்த்துச் செயல்பட்ட குழுவில் 46 சதவீதம். ஜெர்மனியில் புரோபோஃபால் என்ற மயக்க மருந்து கொடுத்துப் பெருங்குடல் பார்த்த 760 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வந்தது. அதில் சாச்சுரேஷன் 90க்குக் கீழே போனவர்கள் 19.8 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைந்தார்கள். அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 முதல் மிதமான மயக்கத்துக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இதைத் தன் அடிப்படைத் தரத்தில் சேர்த்துவிட்டது. நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்கு மிதமான மயக்கத்தில் செய்யும் சாதாரண எண்டோஸ்கோபியில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று அதே கிளீவ்லாந்திலிருந்து 2016இல் ஒரு ஆய்வு வந்தது. அதனால் லேசான மயக்கத்தில் ஐந்து நிமிட வேலை முடிக்கும் இளைஞருக்கு இது இல்லாவிட்டால் தப்பு என்று சொல்ல மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு இருந்தே ஆக வேண்டும் என்பேன்.

அந்தக் கருவி இல்லாத இடத்தில் கை இருக்கிறது. உள்ளங்கையை நோயாளியின் வாய்க்கும் மூக்குக்கும் முன்னால் வைத்தால் வெதுவெதுப்பான மூச்சு படும். மூச்சுக்குழல்மேல் ஒரு ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஓசை கேட்கும். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது, ஒரு ஆளின் முழுக் கவனம் மட்டும் வேண்டும்.

மருந்துகளுக்கு வருகிறேன். எண்டோஸ்கோபி அறையில் அதிகம் புழங்குபவை மூன்று: தூக்கம் தரும் மிடசோலம், வலி குறைக்கும் ஃபென்டனில், புரோபோஃபால். மிடசோலத்தின் கதை எங்களுக்கெல்லாம் பாடம். 1980களின் நடுவில் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது, பழகிய தூக்க மருந்தான வேலியம் மாதிரியே நினைத்துக் கொடுத்தார்கள். உண்மையில் அதைவிட வீரியம் அதிகம். மூச்சு மந்தமாகிப் பல நோயாளிகள் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வலி குறைக்கும் ஓபியாய்டு மருந்தும் சேர்ந்து போயிருந்தது. அதன் பிறகுதான் மருந்தின் லேபிளில் கடுமையான எச்சரிக்கை ஏறியது. ஏன் அப்படி ஆனது என்பதை யூட்டா பல்கலைக்கழகத்தில் பீட்டர் பெய்லி குழு 1990இல் தெளிவாகக் காட்டியது. ஆரோக்கியமான 12 பேர். மிடசோலம் மட்டும் கொடுத்தபோது யாருக்கும் ஆக்சிஜன் குறையவில்லை. ஃபென்டனில் மட்டும் கொடுத்தபோது பாதிப் பேருக்குக் குறைந்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது 12இல் 11 பேருக்குக் குறைந்தது, 6 பேருக்கு மூச்சே நின்றது. நோயே இல்லாதவர்களுக்கு, எண்டோஸ்கோபி எதுவும் செய்யாமலே இந்த நிலை.

ஆகவே இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பவர் ஒவ்வொன்றின் அளவையும் குறைக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். மூன்றில் கடினமானது இந்தக் காத்திருப்புதான். மிடசோலத்தின் முழு விளைவு தெரிய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகலாம். வயதானவர்களுக்கு ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். வெளியே நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள், டாக்டர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அம்மா இன்னும் கண் திறந்து பேசுகிறார். 'இன்னொரு மில்லி போடுங்கள்' என்பார்கள். போட்ட இரண்டாவது மில்லியும் முதல் மில்லியும் ஒரே நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும்போது மூச்சு நிற்கும். நான் பார்த்த இறக்கங்களில் பலவும் மருந்தின் மொத்த அளவால் வந்தவை அல்ல, அவசரத்தால் வந்தவை.

புரோபோஃபால் பால்போல வெள்ளையாக இருக்கும் மருந்து. முக்கால் நிமிடத்துக்குள் தூங்க வைக்கும், ஐந்து பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். அதனால்தான் நோயாளிகளுக்கும் பிடிக்கிறது, டாக்டர்களுக்கும் பிடிக்கிறது. ஆனால் லேசான தூக்கத்துக்கும் மூச்சு நிற்கும் ஆழத்துக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. மிடசோலத்துக்கு ஃப்ளுமாசெனில், ஃபென்டனிலுக்கு நலாக்சோன் என்று மாற்று மருந்து இருக்கிறது. புரோபோஃபாலுக்கு எதுவும் இல்லை. அது தெளியும்வரை நோயாளிக்காக நாம்தான் மூச்சு விட்டாக வேண்டும். முகமூடியும், கையால் அழுத்திக் காற்று செலுத்தும் அம்பு பேக்கும் வைத்து மூச்சு கொடுக்கத் தெரிந்த, அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் இல்லாத ஒருவர் தலைமாட்டில் இல்லாமல் புரோபோஃபால் கொடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

ஜோன் ரிவர்ஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரின் மரணம் இதற்குச் சாட்சி. 81 வயது. குரல் மாற்றத்துக்கும் நெஞ்செரிச்சலுக்கும் காரணம் பார்க்க 2014 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கில் ஒரு வெளிநோயாளி மையத்தில் புரோபோஃபால் மயக்கத்தில் குரல்வளையையும் இரைப்பையையும் பார்த்தார்கள். நடுவில் ஆக்சிஜன் இல்லாமல் இதயம் நின்றது. செப்டம்பர் 4 அன்று இறந்தார். ஆக்சிஜன் கிடைக்காமல் மூளை சேதமடைந்ததே காரணம் என்று நகரின் மருத்துவப் புலனாய்வு அலுவலகம் அறிவித்தது. பிறகு நடந்த அரசு விசாரணையில், மருந்து கொடுக்கும் முன் அவர் எடையைப் பதிவு செய்யவில்லை, நிலை மோசமாவதைக் கவனித்து உரிய நேரத்தில் செயல்படவில்லை என்பவை வெளியே வந்தன. பணத்துக்கோ வசதிக்கோ அங்கே குறைவே இல்லை.

உங்கள் அம்மாவின் குறட்டைக்கு வருவோம். குறட்டையோடு பகலில் தூக்கம் தூக்கமாக வருகிறதா, இரவில் மூச்சு நின்று திணறி எழுந்திருக்கிறாரா, காலையில் தலைவலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று ஊகிக்க நாங்கள் ஒரு எட்டுக் கேள்விப் பட்டியலைப் பயன்படுத்துகிறோம். குறட்டை, பகல் களைப்பு, தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், எடை, 50க்கு மேல் வயது, கழுத்தின் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவை அந்த எட்டு. அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று சேர்ந்துவிட்டது: குறட்டை, பிரஷர், வயது. ஆசியர்களுக்கு எடை அவ்வளவாகக் கூடாமலே இந்த நோய் வருவதால், 'அவ்வளவு குண்டு இல்லையே' என்று விட்டுவிட முடியாது. வீட்டில் சிபாப் கருவி (தூக்கத்தில் முகமூடி வழியே அழுத்தத்தோடு காற்று செலுத்துவது) ஏற்கெனவே பயன்படுத்துபவராக இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்படிப்பட்டவர்களுக்கு இப்போது நல்ல ஒரு வழி வந்திருக்கிறது. சூடாக்கி ஈரப்படுத்திய ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர்வரை மூக்கு வழியே செலுத்தும் கருவி. கோவிட் காலத்தில் ஹை ஃப்ளோ என்ற பெயரில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதேதான். சீனாவில் புரோபோஃபால் மயக்கத்தில் இரைப்பை எண்டோஸ்கோபி செய்துகொண்ட 1,994 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. சாதாரண மூக்குக் குழாயில் 8.4 சதவீதம் பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது, ஹை ஃப்ளோவில் ஒருவருக்கும் குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பெரிய நோய் இல்லாதவர்கள் என்பதால் அந்தப் பூஜ்யத்தை நான் அப்படியே நம்புவதில்லை. பிரான்சில் ஆபத்து அதிகம் உள்ளவர்களையே தேர்ந்தெடுத்து நடத்திய ஆய்வு 2021இல் வந்தது. அதில் சாச்சுரேஷன் 92க்கு இறங்கியவர்கள் 33.5 சதவீதத்திலிருந்து 9.4 ஆகக் குறைந்தார்கள். இது நம்பும்படியான எண். ஆனால் தொண்டை முழுக்க அடைத்திருந்தால் ஹை ஃப்ளோவும் உள்ளே போகாது. அப்போது கைதான்.

அந்தக் கை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அம்மா இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பார், தலைமாடு சற்றே உயர்ந்திருக்கும். பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம். குழாய் உள்ளே போயாயிற்று. மானிட்டரின் பீப் ஒலி ஒரே சுருதியில் போய்க்கொண்டிருக்கும். சாச்சுரேஷன் இறங்க இறங்க அந்த ஒலியின் சுருதியும் இறங்கும்படிதான் கருவியைச் செய்திருக்கிறார்கள். அதனால் நான் திரையைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒலியை அணைத்து வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதை நான் அனுமதிப்பதில்லை. அலை தட்டையாகிறது. என் விரல்கள் காதுக்குக் கீழே தாடை எலும்பு வளையும் இடத்துக்குப் பின்னால் போய் அதை முன்னோக்கித் தள்ளும். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வரும் அளவுக்கு. நாக்கும் கூடவே முன்னால் வருகிறது, ஒரு பெரிய குறட்டைச் சத்தத்தோடு காற்று உள்ளே போகிறது, அலை திரும்புகிறது. அந்த அழுத்தமே வலிக்கும், அந்த வலியே மூச்சு விடவும் தூண்டும். பத்தில் ஒன்பது முறை கதை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மருந்து நின்றுவிடும், ஆக்சிஜன் கூடும், தொண்டையில் சேர்ந்ததை சக்‌ஷன் இழுக்கும், மூக்கு வழியாக ஒரு மிருதுவான குழாய் போகும். அதற்கும் அசையாவிட்டால் 'எடுத்துவிடுங்கள்' என்பேன், எண்டோஸ்கோபிக் குழாய் வெளியே வரும், அம்மாவை மல்லாக்கத் திருப்பி முகமூடியால் மூச்சு கொடுப்பேன். நல்ல குடல் டாக்டர் இந்த ஒரு சொல்லுக்குக் காரணம் கேட்க மாட்டார். உங்களுக்குத் தெரிந்தவருக்குப் பாதியில் நிறுத்தினார்கள் என்றீர்களே, அது சரியாக வேலை செய்த குழு. எண் இறங்கியதைப் பார்த்து நிறுத்தினார்கள், அவர் வீட்டுக்கு நடந்து போனார்.

நீங்கள் செய்ய வேண்டியவை. இரைப்பை எண்டோஸ்கோபியை மயக்கமே இல்லாமலும் செய்யலாம். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்ப்ரே மட்டும் அடித்துச் சில நிமிடத்தில் முடிப்பது நம் ஊரில் தினமும் நடக்கிறது. குமட்டும், கண்ணில் நீர் வரும், ஆனால் மூச்சுக்கு ஆபத்து மிகக் குறைவு. அம்மா தைரியசாலி என்றால் இரைப்பைக்கு ஸ்ப்ரே மட்டும், பெருங்குடலுக்கு லேசான மயக்கம் என்று பிரித்துச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என் அபிப்பிராயத்தில் குறட்டை உள்ள ஒருவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒத்துவராது என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம். பயந்து துடிப்பவருக்கு மயக்கம் கொடுப்பதே மேல்.

டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். மயக்கம் கொடுப்பவர் யார், அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்குமா? கேப்னோகிராபி இருக்கிறதா? முடிந்த பிறகு எங்கே, யார் கண்காணிப்பில் படுக்க வைப்பீர்கள்? இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். பரிசோதனைக்குச் சதைத் துண்டு எடுக்கும் பயாப்ஸி இடுக்கியை எடுத்துக் கொடுக்கும் நர்ஸே மயக்க ஊசியையும் போட்டு, அவரே மானிட்டரையும் பார்த்துக்கொள்வார் என்று பதில் வந்தால், அம்மாவுக்கு வேறு இடம் பாருங்கள்.

வெறும் வயிறு விஷயத்தில் ஏமாற்றவே கூடாது. திட உணவு என்றால் குறைந்தது 6 மணி நேரம், எண்ணெய்ப் பதார்த்தம் என்றால் 8. தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் 2 மணி நேரம் முன்புவரை. பால் கலந்த காபி தெளிந்த திரவக் கணக்கில் வராது. பெருங்குடலைச் சுத்தம் செய்யும் மருந்தின் இரண்டாவது பங்கைக் காலையில் குடிக்கச் சொல்வார்கள். அதன் கடைசி மிடறும் அந்த 2 மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். சுகருக்காகவோ எடை குறையவோ செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசி போடுகிறார் என்றால் தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். அவை வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும். ராத்திரியே சாப்பாட்டை நிறுத்தியவரின் வயிற்றிலும் சோறு கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆக்சிஜன் இறங்குவது மட்டுமில்லை, நிமோனியாவும் வரும். தூக்க மாத்திரை, நரம்பு வலி மாத்திரை, இருமல் டானிக் எல்லாவற்றையும் சீட்டோடு காட்டுங்கள். ஆடும் பல், கழற்றும் பல்செட் இருந்தால் சொல்லுங்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள். புதிதாக வைத்த அடர்த்தியான மருதாணியிலும் சில நேரம் சிக்னல் சரியாக விழுவதில்லை. அதற்காகப் பயப்பட வேண்டாம், காதில் ப்ரோப் மாட்டிக்கொள்வோம்.

முடிந்த பிறகு வரும் அரை மணி நேரத்தைப் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். குழாய் உள்ளே இருந்தவரை அதன் உறுத்தலே நோயாளியை ஓரளவு விழிப்பாக வைத்திருந்தது. அது வெளியே வந்ததும் அதே அளவு மருந்து அவரை இன்னும் ஆழமாகத் தூங்க வைக்கும். எனவே ஆக்சிஜனும் விரல் ப்ரோப்பும் தெளியும் அறையிலும் தொடர வேண்டும், பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும். மாற்று மருந்து கொடுத்து எழுப்பியிருந்தால் இன்னும் கவனம். ஃப்ளுமாசெனிலின் வேலை ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும், மிடசோலம் அதன் பிறகும் உடம்பில் இருக்கும். எழுந்து பேசியவர் மறுபடி மந்தமாகலாம். அப்படிப்பட்டவரைக் குறைந்தது இரண்டு மணி நேரம் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். பக்கத்தில் உட்கார நீங்கள் அனுமதிக்கப்பட்டால் அம்மாவைத் தூங்கவிட்டு போனைப் பார்க்காதீர்கள். குறட்டை திடீரென்று நின்று அமைதியானால் தோளைத் தட்டி எழுப்பி நர்ஸைக் கூப்பிடுங்கள்.

தொண்டையில் ஸ்ப்ரே அடித்திருந்தால் அந்த மரப்பு போகும்வரை, ஒரு மணி நேரமாவது, தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு மடக்கு, புரையேறவில்லை என்றால் அப்புறம் இட்லி. அன்று முழுக்க வண்டி ஓட்டுவது, பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது வேண்டாம். இரவில் வழக்கமாகப் போடும் தூக்க மாத்திரையை அன்று ஒரு நாள் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அன்று மட்டும் யாராவது அதே அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.